திங்களும் வெள்ளியும்

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் மதுரா காதில் விழும். அதனால்தான் நாளைக்குக் குவைத் திரும்புகிற கவுஸ் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து நம் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேறொன்றுமில்லை. பருத்திக்கு அடித்து மிச்சம் கிடந்த மருந்தை மட்டும் சிந்தாமணி அக்கா வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறேன். மதுரா அறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டேன். "ஏம்மா கழட்டுன?" என்றாள். துருப்பிடித்துவிட்டது என்றேன். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனாலும் பாதியில் ஓடி வந்துவிடுகிறேன்.

"அவ மதுரகாளி புள்ள, ஆத்தா பாத்துக்குவா" என்று முடிவு வந்த அன்று போனில் சொன்னீர்கள். மறக்கவில்லை மாமா. கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் விடாமல், சிறுவாச்சூர் ஆத்தாவுக்கே அவளைத் தத்துக் கொடுத்தோம். போன வெள்ளிக்கிழமை போய் விழுந்து கும்பிட்டும் வந்தேன். ஆனால் அந்தக் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தானே திறக்கிறது? மற்ற நாளெல்லாம் நான் இவள் கதவருகில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. தத்துக் கொடுத்த கையோடு, சாங்கியத்துக்குத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கினோமே, அப்போது பூசாரி கேட்டார்: "ஆத்தா தன் புள்ளைய ஒங்கள நம்பிக் குடுக்குறா. பாத்துக்குவீங்களா?"

எனக்கு அழுகையில் வாய் வரவில்லை. துண்டை விரித்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பாத்துக்கிறேன் சாமி" என்று சொன்னவர் நீங்கள்தான்.

லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கதவருகிலிருந்து,
உங்கள் மனைவி