புருசனுக்கு வந்த காய்ச்சல்

என் பால்காய்ச்சிக்கு,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாயங்காலமானால் வரும் காய்ச்சல் உன்னைப் பிரிந்த ஏக்கம்தான் என்று எழுதினேனே, அது நம் ஆடு கறுப்பி கொடுத்ததாம். அது குறைமாதத்தில் போட்ட செத்த குட்டியை வெறுங்கையால் எடுத்தேன் அல்லவா!

நோயின் பேர் புருசெல்லோசிஸ். "புருசனுங்களுக்கு மட்டுந்தான் வருமா, டாக்டரம்மா?" என்றேன்.

"பச்சைப் பால் குடிச்சா பொண்டாட்டிக்கும் வரும்."

"அவ பொங்கப் பொங்கக் காய்ச்சாம வாயிலயே வைக்க மாட்டாளே!"

"அப்ப அவங்க தப்பிச்சாங்க."

இத்தனை வருடம் உன்னைக் கிண்டல் செய்த வாயை அங்கேயே மூடிக்கொண்டேன்.

ஆறு வாரம் விடாமல் மாத்திரை தின்றேன். காய்ச்சல் போய்விட்டது, ஏக்கம்தான் போகவில்லை.

ஆட்டு டாக்டர் கறுப்பியை மந்தையிலிருந்து விலக்கிவிட்டு, பெட்டைக்குட்டிகளுக்குத் தடுப்பூசி போட்டார். இனிப் பிரசவம் பார்க்க, முழங்கை வரை வரும் கையுறையும் கொடுத்தார். வலது கையுறை பத்திரமாக இருக்கிறது. இடது கையுறையை, நான் இதை எழுதி முடிப்பதற்குள், ஒரு குட்டி தின்றுவிட்டது.

உன் ஆட்டுக்காரன்