சினேகா போட்ட நீல லேபிள்

11-6-2007
பேத்தி சினேகா இன்று சிவகாசி பிரஸ்ஸில் சேர்ந்தாள். டிசைன் படிக்கிற மதுரைக் காலேஜில், இரண்டு மாதம் எங்காவது வேலை பழகி வரச் சொன்னார்களாம். கூடப் படிக்கிறவர்கள் சென்னை, பெங்களூர் என்று விளம்பரக் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள்.

"பட்டாசு லேபிளெல்லாம் ஒரு டிசைனாடின்னு சிரிக்கிறாளுக அப்பத்தா."

"நீ என்ன சொன்னே?"

"ஒங்க போஸ்டர் தெருவோட நின்னுரும். எங்க ஊரு படம் தீபாவளிக்கு வீட்டுக்குள்ளயே போகும்னேன்."

வாயைப் பார் அவளுக்கு!

21-6-2007
மதியச் சோறு அப்படியே திரும்பி வந்தது. கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். திட்டினேன். உள்ளுக்குள் சந்தோசம்தான்.

7-7-2007
நான் முப்பது வருசம் பேக்கிங் பார்த்த அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனிக்கே அவள் லேபிள்! கிப்ட் பாக்ஸில் போகிற பதினெட்டு வகைக்கும் ஒரே கருநீலம், நடுவில் பொன் நிற எழுத்து. எங்கள் காலத்தில் மயில், ரோசாப்பூ, வெள்ளைக்காரக் குழந்தை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

"கடையில அடுக்குனா ஒரே குடும்பமாத் தெரியணும் அப்பத்தா. அதுதான் எங்க வேலை."

சங்குச்சக்கரம், புஸ்வாணம் என்று எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அஞ்சாப்பு படித்தது இதற்குத்தான் போல. படிப்பு முடிந்ததும் பிரஸ்ஸிலேயே வேலை என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

2-8-2007
ஈரோட்டுக்குப் போன லோடு திரும்பிவிட்டது. பாதிப் பெட்டிகளில் சங்குச்சக்கரம் இரண்டு, புஸ்வாணம் இல்லை. பேக்கிங்கில் மூத்தவள் பாலம்மாள். பழி அவள் மேல். நாளையிலிருந்து வராதே என்று போர்மேன் கோட்டைச்சாமி சொல்லிவிட்டாராம். வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு எழுத்தா தெரியும்? மயிலப் பாத்துதான எடுப்பேன். ஒம் பேத்தி அம்புட்டையும் நீலமாக்கி என் பொழப்பக் கெடுத்துட்டாளேக்கா!"

"பாத்து எடுக்கத் துப்பில்ல, எம் பிள்ளையச் சொல்ல வந்துட்டியா?" என்று கத்திவிட்டேன்.

ஏன் கத்துனேன்? முப்பது வருசம் பக்கத்துலயே உக்காந்திருந்தேனே, அவளுக்கு எழுத்துத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் வாசிச்சேன் — எல்லாரும் வாசிச்சுருவாகன்னு இருந்துட்டேன்.

உள்ளே இருந்து சினேகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

3-8-2007
பிரஸ்ஸுக்குப் போகாமல் நேரே அச்சங்குளம் போனாள். நானும் கூடப் போனேன். போர்மேன் முன்னால் நின்று சொன்னாள்: "பாலம்மா பாட்டி மேல தப்பில்ல சார். கடையில அடுக்குறவங்கள நெனச்சேன், பெட்டியில அடுக்குறவங்கள நெனைக்கல. டிசைன்தான் தப்பு."

"இது ஒங்க முதலாளி காதுக்குப் போனா வேலை போயிரும் தாயி."

"போகட்டும் சார்."

சாயங்காலமே போய்விட்டது. இனி வர வேண்டாம் என்று பிரஸ்ஸிலிருந்து போன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

நான் அவளைவிட அதிகம் அழுதேன். வருத்தத்தில் இல்லை.

5-8-2007
பாலம்மாள் வீட்டுத் தரை முழுக்கப் புதுப் படங்கள். எழுத்தை எல்லாம் காகிதம் வைத்து மறைத்திருந்தாள் சினேகா.

"பாட்டி, புஸ்வாணம் எது?"

பாலம்மாள் தப்பாக எடுத்தால் அந்தப் படத்தை அங்கேயே மாற்றி வரைந்தாள். "ஏ புள்ள, பரீச்சை எனக்கா ஒனக்கா?" என்று சிரித்தாள் பாலம்மாள். "எனக்குத்தான் பாட்டி."

என்னோடு மட்டும் பாலம்மாள் பேசவில்லை.

14-8-2007
புதுப் படங்களைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பாலம்மாளையும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிரஸ் கூப்பிடவில்லை.

20-9-2007
காலேஜில் கொடுக்க வேண்டிய அறிக்கையைச் சினேகா மதுரையிலிருந்து போனில் வாசித்துக் காட்டினாள். முதல் பக்கத்தில் நீல லேபிளை ஒட்டி, 'இது நான் செய்த தவறு' என்று எழுதியிருக்கிறாள். மார்க் இன்னும் போடவில்லையாம்.

குழாயடியில் எல்லோரிடமும் சொன்னேன்: "எம் பேத்தி போட்ட லேபிளு தப்பாப் போச்சு, தெரியுமா?" இதில் என்ன பெருமை என்று ஒருத்திக்கும் விளங்கவில்லை.

பாலம்மாள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். "அவ ஒத்துக்கிட்டா. நீ எப்பக்கா ஒத்துக்குவே?"

நிறைகுடத்தை இறக்கி வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொண்டேன்.