எட்டு மடங்கு

வெள்ளி இரவு, திருச்செங்கோடு, என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலேயே

எடப்பாடி அக்கா தன் தறிப்பட்டறையின் சேலை டிசைன்கள் மொத்தமும் இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். வேறு பிரதி கிடையாது. நாலாவது முயற்சியில்தான் சுழன்றது. நிறுத்தினால் மறுபடி சுழலாது என்றே தோன்றுகிறது.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியின் மேல் வினாடிக்கு 12 மெகாபிட் என்று இருந்தது. நான் அதை மெகாபைட்டாக வைத்துக் கணக்குப் போட்டு, இரண்டு மணி நேரத்தில் காப்பி ஆகிவிடும் என்றேன். மாலை ஆறுக்குத் தொடங்கியது, எட்டுக்குக் கால்வாசிகூட ஆகவில்லை. அப்போதுதான் உறைத்தது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். பதினாறு மணி நேரம் ஓட வேண்டும். முடிய காலை பத்தாகும்.

அக்கா போன் செய்தார். "முடிஞ்சுதுங்களா சாமி?"

"ஓடிட்டிருக்குதுங்க்கா."

"காலைல எட்டுக்கே வாரேனுங்க. ஒம்போதுக்கு உங்கூர்ல கரண்டு நிறுத்தறாங்களாமா."

மாதாந்திர மின்தடையை மறந்தே போயிருந்தேன். யுபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது. "வாங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

டிஸ்க் சுழலும் சத்தம் காதில் விழ வேண்டும் என்று மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வியர்த்துக் கொட்டுகிறது. சத்தம் இன்னும் கேட்கிறது.