மூன்று நாளும் எடுக்கவில்லை என்றேன்

மார்ச் 4, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, ஆறாம் கட்டில். இருந்தவர்கள்: வலது கண்ணில் கட்டோடு நான். என் நாத்தனார். பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர், அவர் மனைவி. சொட்டு மருந்து போடும் நர்ஸ். மாலை நாலு பத்துக்கு, என் மகள்.

கட்டுப் போட்ட பக்கமாக வந்து நின்றதால் முதலில் தெரியவில்லை. "பிளாஸ்கை இந்தப் பக்கம் வைங்க அத்தை, அந்தப் பக்கம் அம்மாவுக்குத் தெரியாது" என்று குரல் மட்டும் கேட்டது. நாலு வருஷம் பத்து மாசம் ஆகிறது, அந்த வாயால் 'அம்மா' கேட்டு.

நாத்தனார்தான் என்னைக் கேட்காமல் சொல்லி வரவழைத்திருக்கிறாள். "இப்பத் திட்டாதீங்க அண்ணி, கட்டு பிரிச்சப்புறம் முகத்தைப் பார்த்துத் திட்டுங்க" என்றாள். தபால்காரர் சிரித்தார். நான் மகளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"ஆச்சு" என்றாள்.

(எழுதுவது மறுநாள் காலை, இடது கண்ணை மட்டும் வைத்து. எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தால் அதுதான் காரணம்.)

மார்ச் 5, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. ஞாயிறு வரை லீவு போட்டிருக்கிறாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலை. அவள் விரல் நுனிகளில் பழைய கீறல்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமலே விழுந்து, ஆறியும் போயிருக்கின்றன.

இரண்டு மருந்து. ஒன்று ஆறு வேளை, மற்றது நாலு வேளை. நான் தாளில் கட்டம் போட்டு வைத்திருந்ததைப் பார்த்து, "இன்னும் மாறலையா நீ?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நெற்றியில் கை வைத்துச் சொட்டு விட்டாள். "மேல பாரும்மா. என்னைப் பார்க்காதே, மேல!"

மேலே எப்படிப் பார்ப்பது?

அவள் கோபித்துக்கொண்டு போன அன்று நடந்ததையும் ஒருமுறை எழுதி வைக்கிறேன். புருஷனை விட்டுவிட்டு, விடியற்காலை ஒரே ஒரு பையோடு வந்தாள். "அனுசரிச்சுப் போ" என்று சொல்லி அன்றே திருப்பி அனுப்பினேன். அவள் அப்பா நடுவில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீயா கூப்பிடாம இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று போனாள். அவனிடம் போகவில்லை, தனியாகவே பிழைத்துக்கொண்டாள். நான் உள்ளே போய்ப் பிரார்த்தனைப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். நானாகக் கூப்பிட மாட்டேன் என்று.

மார்ச் 7, வெள்ளி

மத்தியானம் மருந்து போட்டபின் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கண் மூடியிருக்க வேண்டிய பத்து நிமிஷம். அதைப் பார்த்துத்தான் பேசினாளோ என்னவோ.

"அம்மா, அப்பா படுத்திருந்தப்ப நான் உன் நம்பரை பிளாக் பண்ணி அடைச்சு வச்சிருந்தேன். நீ எத்தனை தடவ போட்டியோ... எனக்கு வரவே இல்ல. அத்தை சொன்னாங்க, மூணு நாளும் போட்டியாமே. என்னை மன்னிச்சுடும்மா."

என் கையைப் பிடித்து அழுதாள்.

நான் என்ன சொன்னேன்? "போனது போகட்டும் விடு" என்று சொன்னேன். தலையைத் தடவிக்கூடக் கொடுத்தேன்.

நான். அவளை மன்னித்தேன்!

மார்ச் 8, சனி

காலைப் பிரார்த்தனையில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இதை எங்கேயாவது எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பதினாலு மாசம் முன்னால் அவருக்கு நுரையீரலில் சளி கட்டி, போனைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார். முதல் நாள், "பாப்பாவுக்குப் போன் போடு" என்றார். மகளை அப்படித்தான் கூப்பிடுவார், முப்பது வயதானாலும். நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்து விட்டுச் சும்மா நின்றேன். திரும்பி வந்து, "போட்டேன், எடுக்கல" என்றேன்.

"கடையில கூட்டமா இருக்கும். சாயங்காலம் போடு."

மறுநாளும் அதே. மூன்றாம் நாளும் அதே. நாலாம் நாள் விடியும்போது போய்விட்டார். நாத்தனார் அன்றுதான் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளிடமும் அதையே சொன்னேன். யார் மூலமோ கேள்விப்பட்டு, எல்லாம் முடிந்த மறுநாள் மகள் வந்து தெருவிலேயே நின்றுவிட்டுப் போனாள்.

அவர் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். சத்தியத்தை மீறினால் பாவம் என்று பயந்தேன். பொய்க்குப் பயப்படவில்லையே, ஏன்? சாமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று பெருமை வேறு இருந்தது. என் வீம்புக்குச் சாமியைக் காவல் வைத்திருக்கிறேன்.

அவள் நம்பரை அடைத்து வைத்திருந்தாள். நான் போட்டேனா இல்லையா என்று இனி எந்த மனிதருக்கும் தெரியப் போவதில்லை. சும்மா இருந்தால் போதும்.

மார்ச் 9, ஞாயிறு

காலை எட்டரை பஸ்ஸுக்குப் போனாள். "தினம் ஏழு மணிக்குப் போன் போடுவேன், மருந்து போட்டியான்னு கேப்பேன், ஏமாத்தாதே" என்றாள்.

மார்ச் 12, புதன்

ஏழு மணிக்குப் போன். இருபது நிமிஷம். முதலாளிக்கே கண் சரியாகத் தெரியாது, ஆனால் கண்ணாடி போட மாட்டாராம், அதைச் சொல்லிச் சிரித்தாள். கேஸ் சிலிண்டர் இன்று மாற்றினேன்.

மார்ச் 15, சனி

நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தாள். கப்பை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"எங்கண்ணன் கேட்டுமா போடல?"

"ஆமாம்."

பிறகு, "அவகிட்டச் சொல்லாதீங்க அண்ணி. இப்பத்தான் வந்திருக்கா. சொல்லி அவளைத் துரத்திட்டு உங்க மனசைக் கழுவிக்கப் போறீங்களா?" என்றாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு எனக்குச் சொட்டு மருந்து போட்டாளே.

மார்ச் 19, புதன்

"நேத்து அப்பா கனவுல வந்தாரும்மா. என்கிட்ட பேசவே இல்ல." ஏழு மணிப் போனில் சொன்னாள்.

மார்ச் 22, சனி

அவள் போடும்வரை காத்திருக்கவில்லை. காலை பத்தேகாலுக்கு நானே போட்டேன்.

"என்னம்மா, நீயா போட்டிருக்கே? கண்ணுக்கு என்ன?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. நீ அடைச்சு வச்சதால எதுவும் கெட்டுப்போகல. நான் உனக்குப் போன் போடவே இல்ல."

பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

"ஒரு தடவ கூடவா?"

"ஒரு தடவ கூட இல்ல."

"அப்பா கேட்டாரா?"

"மூணு நாளும் கேட்டார். போட்டேன், எடுக்கலன்னு நான் பொய் சொன்னேன்."

"ஒரு வருஷமா நான் தூங்கல. தெரியுமா உனக்கு?" என்றாள். வைத்துவிட்டாள்.

மன்னித்துவிடு என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பாரத்தையும் ஏன் ஏற்றுவது?

மார்ச் 23, ஞாயிறு

போன் வரவில்லை.

மார்ச் 24

வரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

எட்டு நாள். மருந்தை நானே போட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில்தான் விழுகிறது. பிரார்த்தனையில் அவள் திரும்பி வர வேண்டும் என்று கேட்கவில்லை. அவள் தூங்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

நாத்தனார் வந்தாள். திட்டவில்லை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. மருந்தைப் போட்டுவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 3, வியாழன்

போனில் ஒரு செய்தி வந்திருக்கிறது: "அப்பா என்னென்ன சொன்னார்னு எழுதி அனுப்பு. ஒண்ணு விடாம. நல்லதா மாத்தி எழுதாதே."

ஏப்ரல் 4, வெள்ளி

நாலு தாள், இரண்டு பக்கமும். எழுதி, மூன்று மணிக்குத் தபாலில் சேர்த்தேன்.

போன மாசம் எட்டாம் தேதி இந்த நோட்டில்கூட ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் என் கையைப் பிடித்து, "நெசமாவே போட்டியா?" என்று கேட்டார். "சாமி சத்தியமா" என்றேன். "சரி. அவ வந்தா திட்டாதே. முதல்ல சாப்பாடு போடு" என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

ஒரு சத்தியத்துக்காக இன்னொரு பொய்ச் சத்தியம். அதையும் அவளுக்கு எழுதினேன். ஒரு வரி கோணலாகப் போயிற்று. திருத்தவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ஏழு மணிக்கு மணி அடித்தது. அடுப்பை அணைக்காமல் ஓடினேன்.

"படிச்சேன். மூணு தடவ."

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"சாப்பாடு போடுன்னா சொன்னார்?"

"ஆமாம்."

அழுதாள். நானும்தான். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "எனக்குக் கோபம் போகலம்மா. போகுமான்னும் தெரியல. போன்ல சண்டை போடவும் முடியல. நடுவுல எவனாவது கண்ணு பவர் செக் பண்ணணும்னு வந்து நிக்கறான். நேர்ல வந்துதான் போடணும். மாசக் கடைசில நாலு நாள் லீவு கிடைக்கும்போல இருக்கு. பார்க்கறேன்."

"பாரு" என்றேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அப்படியே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று தபாலில் போட்டது. நகல் இங்கே இருக்கட்டும்:

"பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நாலு நாள் நம் சண்டைக்குப் போதாது. முதலாளியிடம் ஒரு வார லீவு கேட்டுப் பார். உன் அறையில் இருந்த மூட்டைகளை எடுத்து அறையைக் கழுவிவிட்டேன். மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். நீ எவ்வளவு திட்டினாலும் குறுக்கே பேச மாட்டேன். பேசினால் அத்தை என்னை ஒரு கை பார்த்துவிடுவாளாம். அன்று நான் கூப்பிட்டிருக்க வேண்டும். இப்போது கூப்பிடுகிறேன், வா. 26ஆம் தேதி சனிக்கிழமை பஸ்ஸா, ஞாயிறு பஸ்ஸா? நிலையத்துக்கு வந்து நிற்க வேண்டும், சீக்கிரம் பதில் போடு."