முசஃபாவில் அன்பின் விருந்து

முசஃபா, அபுதாபி
1986 ஒக்ரோபர், வியாழக்கிழமை

அன்புள்ள மகள் ராசம்மாவுக்கு,

கர்த்தரின்ர கிருபையால இஞ்ச நான் நல்ல சுகம், அங்க நீ நல்ல கோவம் எண்டு உன்ர கடிதம் சொல்லுது. இஞ்ச இருந்து லீவில வந்த தியாகராசா வத்தி வைச்சிட்டான் போல. காம்பில சமையல்காரனா இருக்கிற நீங்கள் சைவ சமயப் பொடியளுக்குத் தேத்தண்ணியும் அரபி ரொட்டியும் வைச்சுத் திருவிருந்து குடுக்கிறது தேவதூஷணம், நிப்பாட்டாட்டிப் போதகரிட்டைச் சொல்லுவன் எண்டு எழுதியிருக்கிறாய். சொல்லு பிள்ளை, சொல்லிப்போட்டு அவருக்கும் ஒரு தேத்தண்ணி குடு. எடியே, அது திருவிருந்து இல்லை, அன்பின் விருந்து. மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற உனக்கு, அங்க நாலாம் வகுப்போட ஓடின நான் சொல்லித்தரவேண்டிக் கிடக்கு. எங்கட மெதடிஸ்த சபையைத் தொடங்கின வெஸ்லி ஐயர் நடத்திக் காட்டின வழக்கம், ரொட்டியும் தண்ணியும் போதும், குருப்பட்டம் தேவையில்லை. ஒரே தேத்தண்ணிப் பேணி சுத்தி வரும், கையில வாங்கினவன் தன்ர மனம் எப்பிடி இருக்கெண்டு சொல்லவேணும், அவ்வளவுதான். அந்த மனுசனையும் கோயிலுக்க விடாதபடியால்தானே வெளியில நிண்டு நிலக்கரி வெட்டினவைக்குப் பிரசங்கம் பண்ணினவர், எங்கட வெல்டர்மாரைக் கண்டிருந்தால் சும்மா விட்டிருப்பாரோ?

இதை எழுதுறவன் மாயாண்டி, ராமநாதபுரத்து வெல்டர். என்ர கிறுக்கல் உனக்கு வாசிக்கேலாது எண்டு அவனைப் பிடிச்சு இருத்தியிருக்கிறன், தன்னைப் பற்றி வந்தாலும் நான் சொல்லுற மாதிரியே எழுதவேணும் எண்டு கட்டளை. இவன்ர தாய் ஆவணியில செத்துப்போனா. கபீல், எங்களை வேலைக்கெடுத்த அரபி முதலாளி, பாஸ்போட்டைக் குடுக்கேல்லை, லீவு மாஃபி, இல்லை எண்டிட்டான். அண்டையில இருந்து இவன் சாப்பாட்டில கை வைக்கேல்லை, டியூட்டி முடிஞ்சால் தண்ணித் தாங்கிக்கு மேல ஏறித் தனிய நிப்பான், இறங்குமட்டும் நாங்கள் ஆரும் ஒருத்தர் கீழ நிப்பம். வெள்ளிக்கிழமை விருந்தில பேணி வந்தால் வாய் திறக்காமல் பக்கத்தில இருக்கிற நாகலிங்கத்திட்டைத் தள்ளிவிடுவான். போன வெள்ளி தள்ளேல்லை, பிடிச்சுக்கொண்டே இருந்தான். தேத்தண்ணி ஆறிப்போச்சு, ஒருத்தரும் கை நீட்டேல்லை. பிறகு சொன்னான், "எங்காத்தாவுக்குக் கொள்ளி வைக்க நான் இல்லாமப் போயிட்டேன்யா. நானும் போயிரலாம்னுதான் தெனமும் மேல ஏறுனேன்." சொல்லிப்போட்டு அந்த ஆறின தேத்தண்ணியைக் குடிச்சான். இப்ப நீ சொல்லு மகள், நான் நிப்பாட்டினால் இவன் இந்தப் பாரத்தை எங்க கொண்டுபோய் இறக்கிறது? உங்களுக்குக் கோயில் இருக்கு, குரு இருக்கு, எங்களுக்கு இந்தப் பேணி இருக்கு. அதை எங்களுக்கு விட்டுட்டுப் போன வெஸ்லி ஐயருக்காக நான் கர்த்தருக்கு நன்றி சொல்லாத நாளில்லை. அண்டைக்கு இவன் ரொட்டியை எப்பிடி விழுங்கினவன் எண்டும் சொல்லட்டோ, பக்கத்தில இருந்தவன்ர பங்கையும்—

மாயாண்டி பேனையைப் போட்டிட்டு எழும்பிப் போயிட்டான். இனி என்ர எழுத்து, கண்ணைக் கசக்கி வாசி. கூப்பிட்டன், திரும்பேல்லை. தாங்கிப் பக்கம் போறானோ எண்டு எட்டிப் பாத்தன். இல்லை, குசினிக்குள்ள நிக்கிறான். நாளைக்கெண்டு வைச்ச மீன்குழம்புச் சட்டியைத் திறக்கிற சத்தம் கேக்குது, கள்ளன். நான் தடுக்கப் போகேல்லை.

கர்த்தர் உன்னையும் மருமோனையும் பிள்ளையளையும் காப்பாற்றுவாராக. ஊரடங்கு நேரம் வெளிக்கிடாதை. போதகருக்கு என்ர தோத்திரம் சொல்லு.

உன்னில கோவமே இல்லாத அப்பா,
அரியரத்தினம்