திரும்பும் பயணத்துக்கு ஒரு பெயர்

இன்று காலை பழைய மென்பொருள் நிரலைத் திறந்தபோது ஓரத்தில் உங்கள் குறிப்பு அப்படியே இருந்தது. "இந்த ட்ரூ என்னெண்டு ஆருக்கு விளங்கும்?" நீங்கள் இறந்து ஓராண்டாகிறது. மெல்பனின் இந்த அலுவலகத்தில் உங்கள் நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.

நோயாளிகளை வேனில் ஏற்றிச் செல்லும் நிறுவனத்துக்கு நாம் இருவரும் மென்பொருள் எழுதினோம். ஒவ்வொரு பயணத்துக்கும் அச்சாக இருக்கும் 'பயணம்' என்ற கிளாஸ் நான் எழுதியது. வீடு, மருத்துவமனை என இரண்டு முகவரி கொடுத்தால் அதிலுள்ள கன்ஸ்ட்ரக்டர் என்ற பகுதி போகும் பயணத்தை உருவாக்கும். திரும்பும் பயணத்துக்கும் அதே இரண்டு முகவரிதான். அதே வடிவில் இன்னொரு கன்ஸ்ட்ரக்டர் வைக்க நிரல் மொழி விடாது. திரும்பும் பயணம் என்று காட்ட, முகவரிகளுக்குப் பின்னால் 'ஆம்' என்று பொருள்படும் ட்ரூ என்ற ஒற்றைச் சொல்லை ஒட்டி ஒப்பேற்றினேன். ஓரத்தில் அந்தக் குறிப்பை எழுதியது போதாதென்று நீங்கள் என் மேசைக்கே வந்தீர்கள்.

"ட்ரூ வேண்டாம், ஃபேக்டரி மெத்தட் ரெண்டு தனித்தனியா எழுதுங்கோவன். போகும் பயணம், திரும்பும் பயணம் எண்டு பேர் வைச்சால் ஆருக்கும் விளங்கும்."

"மேல விளக்கமா கமென்ட் எழுதியிருக்கேன்ல? படிக்கத் தெரிஞ்சவங்க படிப்பாங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது, வெட்கக்கேடு.

இரண்டு மாதம் கழித்து, ஓர் அவசர வேலையில், அதன் பொருள் மறந்து, ட்ரூ என்றால் பதிவு உறுதி என்று எண்ணி, போகும் பயணம் ஒன்றுக்கு நீங்கள் அதைப் போட்டுவிட்டீர்கள். கிரெய்கிபர்ன் புறநகரில் ஒரு பெண்மணி டயாலிசிஸுக்குப் போக வாசலில் காத்திருக்க, வேன் அவரை ஏற்றிவர மருத்துவமனைக்குப் போனது. சிகிச்சை தவறி, மறுநாள் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் போனார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

விசாரணைக் கூட்டத்தில் காட்டிய அந்த வரிக்குப் பக்கத்தில், எழுதியவர் என்று உங்கள் பெயர்தான் இருந்தது. "இது குழப்பும் என்று யாராவது முன்பே சொன்னார்களா?" என்று மேலாளர் என்னைக் கேட்டார். "இல்லை" என்றேன். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு, "நான்தான் வடிவாப் பாக்கேல்லை" என்றீர்கள்.

வெளியே வந்ததும் "தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேட்டீர்கள். வேலை இருக்கிறதென்று நழுவினேன். நீங்கள் நோயில் விழுந்தபோதும் வந்து பார்க்கவில்லை. எந்த முகத்தோடு வருவது?

இன்று இரண்டு மெத்தடும் எழுதினேன், நீங்கள் சொன்ன அதே பெயர்களில். மாற்றத்துக்கான காரணம் கேட்கும் கட்டத்தில் 'வாசிக்க எளிதாக' என்று கை தானாக அடித்தது. இன்னும் ஒளிகிறேன், பாருங்கள். அதை அழித்துவிட்டு உங்கள் பெயரை முழுதாக எழுதினேன். 'அவர் அன்றே சொன்னார், நான் கேட்கவில்லை, கூட்டத்தில் பொய் சொன்னேன்' என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

உங்கள் குறிப்பின் கீழே 'தீர்ந்தது' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை மட்டும் அழுத்தவில்லை. அது நீங்கள் அழுத்த வேண்டியது.