மாறுகண் தளபதி

மார்ச் 3, ஞாயிறு

காலையிலேயே மேசையைத் துடைத்துப் பச்சைத் துணியை விரித்துவிட்டேன். பழக்க தோஷம். எதிர் நாற்காலி காலி. சரி என்று, பொம்மைச் சிப்பாய்களை அங்குலக் கணக்கில் நகர்த்திப் பகடை உருட்டும் எங்கள் போர் ஆட்டத்தை இரண்டு பக்கமும் நானே ஆடினேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து என் நீலப் படையை நகர்த்துவது, எழுந்து சுற்றிப்போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து மச்சானின் சிவப்புப் படைக்காகப் பகடை உருட்டுவது. சிவப்பு ஜெயித்தது. ஜெயிக்கவிட்டேன் என்பதுதான் நிஜம். எட்டு அங்குலம் போக வேண்டிய குதிரையைப் பத்து அங்குலம் போகவிட்டேன். என்னை நானே ஏமாற்றித் தோற்றிருக்கிறேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

என் மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஊரின் அந்தக் கோடி. வக்கீல் நீட்டிய விவாகரத்துக் காகிதங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அலமாரி யாருக்கு, துவைக்கும் மிஷின் யாருக்கு, பாத்திரம் பண்டம் யாருக்கு, எல்லாம் சண்டையில்லாமல் பேசி முடித்தோம். மச்சான் யாருக்கு என்று மட்டும் யாரும் பேசவில்லை. அவளுடைய தம்பி, அவளுக்குத்தான், இதில் பேச என்ன இருக்கிறது? ஆனால் இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எதிரே உட்கார்ந்தவன் அவன்.

மார்ச் 5, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முன்னால் பில் போடும் பெண் எட்டிப்பார்த்து, "லீவு நாள்ல என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டாள். வீட்டுக்கு ஆள் வந்திருந்ததாகச் சொன்னேன். எதற்கு இந்தப் பொய்?

மார்ச் 10, ஞாயிறு

மச்சான் போன் செய்தான். குரலைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே — வெட்கமாக இருக்கிறது.

"மாமா, என் பெட்டிய எடுத்துக்கலாம்னு பாக்கறேன். இருபத்திநாலாம் தேதி வரேன். கீழயே நிக்கிறேன், கொண்டாந்து குடுத்துடுங்க, போதும்."

"மாடிக்கு வரமாட்டியா மாப்ள?"

"அக்காவுக்கு ஒரு மாதிரி இருக்கும் மாமா."

சந்தோஷம் அத்தோடு காலி. கீழேயே நிற்பானாம். பேப்பர்காரன்கூட மாடிவரை வருகிறான்.

போனை வைத்தபின் அவன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். படையில் பாதி இன்னும் வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக். வர்ணம் பூசாத சிப்பாய் மேசையில் ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் போட்டதுதான். மச்சான் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன், நாளெல்லாம் அலைச்சல், பிரஷைப் பிடித்தால் தூக்கம் வந்துவிடும். அதனால் அவன் முழுப் படையையும் இறக்கி ஆடியதே இல்லை. "ஒரு தடவையாவது மொத்தப் பேரும் எறங்கணும் மாமா, அப்புறம் தெரியும் சேதி" என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

நான் பூசி முடித்துவிட்டால்? முழுப் படையும் மேசையில் நிற்பதைப் பார்த்தால் அவனுக்குக் கை அரிக்காதா? ஒரே ஓர் ஆட்டம் என்று உட்கார்வான். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் மறுபடியும் வருவான். இதுதான் திட்டம். அவனை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

மார்ச் 13, புதன்

அங்கி சிவப்பு, வார் பழுப்பு, கவசத்துக்கு நீர்க்கக் கரைத்த கறுப்பு. அது மடிப்புகளில் போய்த் தங்கிக் காய்ந்ததும் இரும்பு இரும்பாகவே தெரிகிறது. கண் வைப்பதுதான் என் பெருமை. முதலில் வெள்ளைக் கோடு, அதன்மேல் நிறுத்தி வைத்த ஒரு கறுப்புப் புள்ளி. மூச்சை அடக்கி வைக்க வேண்டும். விரல் நகத்தில் பாதிகூட இல்லாத முகம், கண் வைத்ததும் நம்மைப் பார்க்கும்.

கடை வேலையிலும் கண், வீட்டிலும் கண். அவள் கிளம்பும்போது சொன்னாள்: "இந்த வீட்ல நான் எதத் தொட்டாலும் பின்னாலயே வந்து சரி பண்றீங்க." மடித்த துணியைத் திரும்ப மடித்தேன், உண்மைதான். ஒரு நாளும் குறை சொன்னதில்லையே. சரி செய்தேன், அவ்வளவுதானே?

மார்ச் 17, ஞாயிறு

புதியவர்கள் எல்லோரும் முடிந்துவிட்டார்கள். வரிசையாக நிறுத்தினால் கண்ணுக்குக் குளிர்ச்சி. இடையில் ஒரே ஒரு திருஷ்டி — அவனுடைய தளபதி.

குதிரைமேல் கத்தியோடு இருக்கும் ஆள். மச்சான் சுவருக்கு அடிப்பதுபோல் வர்ணத்தை அப்பியிருந்தான். மீசையும் வாயும் ஒன்றாகிவிட்டன. கண்கள் இன்னும் மோசம், ஒன்று மூக்கைப் பார்க்கிறது, ஒன்று வானத்தை. "எங்கப்பா மாதிரியே முழிக்கிறார் பாருங்க" என்று சொல்லி அதற்கு மாமனார் என்றே பெயர் வைத்திருந்தான். குதிரை பாயும்போதெல்லாம் "மாமனார் கெளம்பிட்டார்" என்று கத்துவான். அவளும் சமையலறையிலிருந்து சிரிப்பாள்.

அழகான படைக்கு இப்படி ஒரு தலைவனா? கரைப்பானில் ஊறப்போட்டேன். மதியத்துக்குள் வர்ணம் தோல் தோலாக உரிந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

தளபதி முடிந்தார். நான் இதுவரை பூசியதிலேயே இதுதான் மேல். கண் இரண்டும் நேர்.

மார்ச் 24, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

அவன் சொன்னபடியே கீழே நின்றான். பெட்டி கனமாக இருக்கிறது, வந்து ஒரு கை பிடி என்று சொல்லி மேலே வரவைத்தேன். மேசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். மொத்தப் படையும் இறங்கி நின்றது. "மாமா" என்றான். சுற்றிச் சுற்றி வந்து குனிந்து குனிந்து பார்த்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தே விட்டான். பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கினான். எனக்கு மனசுக்குள் அப்படியொரு நிம்மதி.

பிறகு கேட்டான், "மாமனார் எங்க?"

"உன் முன்னாடிதான மாப்ள நிக்கிறாரு."

எடுத்துப் பார்த்தான். வெளிச்சத்துக்குத் திருப்பினான். பகடையைக் கீழே வைத்தான்.

"பழைய பெயிண்ட்டு?"

"கரைச்சுட்டேன். அப்படியே விட முடியுமா?"

"கேக்காம அடுத்தவன் பொம்மையத் தொடக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம். பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "அந்தக் கண்ணு நான் வெச்சது இல்ல. அக்கா வெச்சது. நீங்க ஏதோ வாங்கப் போயிருந்தீங்க. ஒண்ணே ஒண்ணு நான் வெக்கிறேன்டான்னு கேட்டு வாங்கி வெச்சுச்சு. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம். அவர்கிட்ட சொல்லிடாத, சொன்னா சரி பண்ணிடுவாருன்னுச்சு."

ஆடாமல் எழுந்துவிட்டான். சிப்பாய்களைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்க நானும் உதவினேன். தளபதியை மட்டும் மேசையிலேயே வைத்தான். "இது உங்களுது மாமா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தனியாகவே தூக்கிக்கொண்டு இறங்கினான்.

அவளுக்கு இந்த பொம்மைகளைக் கண்டாலே ஆகாது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பிரஷைப் பிடித்து, சிரித்திருக்கிறாள். அதைத்தான் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். அய்யோ, நான் என்ன மனுஷன்?

மார்ச் 25, திங்கள்

கடைக்குப் போகவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

கண்களை அழித்துவிட்டுப் பழையபடி வைக்கப் பார்த்தேன். ஒன்று மூக்கை நோக்கி, ஒன்று வானத்தை நோக்கி. கை கேட்கமாட்டேன் என்கிறது. வேண்டுமென்றே கோணலாக வைத்தால் கோமாளி மாதிரி இருக்கிறது, அவள் வைத்ததுபோல் இல்லை. வைத்து வைத்து அழித்தேன். கடைசியில் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல் நிறம் மட்டும் பூசி நிறுத்திவிட்டேன்.

துணி விரிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆட இன்று தெம்பில்லை. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மச்சான் வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். அவன் ஏதோ கட்டடத்துக்கு லிஃப்ட் பார்க்கப் போயிருந்தான். தளபதியைப் பஞ்சில் சுற்றி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வந்ததும் போனில் செய்தி அனுப்பினேன்: "கண் வைக்கவில்லை மாப்ள. அவளிடம் கொடு. எப்படி வைத்தாலும் தொடமாட்டேன்."

ஏப்ரல் 4, வியாழன்

பதில் இல்லை. படித்துவிட்டான் என்று மட்டும் போன் காட்டுகிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

மழை. ஒன்றும் பூசவில்லை. வர்ண டப்பாக்களின் மூடி சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கதவைத் தட்டினான். பெட்டியோடு நின்றான். "துணி எங்க மாமா?" என்றான். நான் துணியைத் தேடுவதற்குள் நான் மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த மேசையை அவனே இழுத்துப் போட்டான்.

படையை அடுக்கினான். கடைசியாகத் தளபதியை எடுத்து முன்னால் நிறுத்தினான். நான் அனுப்பியபடியே இருந்தார். கண் இல்லை.

"அக்காகிட்ட குடுத்தேன் மாமா. கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துச்சு. பிரஷையும் எடுத்துக் குடுத்தேன், வாங்கல. 'இனிமே அது எதுக்குடா'ன்னு திருப்பிக் குடுத்துடுச்சு."

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? அவள் சொன்னது சரி. வலித்தது, ஆனால் சரி.

"இங்க வர்றது அவளுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். 'போ'ன்னுச்சு."

ஆடினோம். மொத்தச் சிவப்பும் இறங்கியது. அவன் சொன்ன சேதி என்னவென்று எனக்குத் தெரிந்தது, நீலம் துடைத்துப் போட்டதுபோல் ஆனது. குதிரையை அவன் நகர்த்தும்போது நான் அளவு பார்க்கவில்லை. "மாமனார் கெளம்பிட்டார்" என்று அவன் கத்தவும் இல்லை. மற்றபடி நல்ல ஆட்டம்.

அவன் இறங்கிப் போனபின்தான் பார்த்தேன், பெட்டி அலமாரிமேல் இருந்தது. தூக்கிக்கொண்டு படியில் ஓடினேன். வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, பெட்டிய மறந்துட்ட."

"மறக்கல மாமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.